காட்டுக்குத் திரும்பிய கருங்கரடிகள்: அடையாளத்திலிருந்து முடிவுக்கு

சூழற்றொகுதி, உயிர்ப்பல்வகைமை ஆகிய பகுதிகளிலிருந்து வரும் வினாக்களில் சில அவதானங்களைத் தந்து, "இவற்றிலிருந்து நீர் பெறும் முடிவு யாது?" எனக் கேட்பதுண்டு. மாணவர் பலர் புள்ளிகளை இழப்பது இவ்விடத்திலேயாகும். சேற்றில் ஒரு காலடி காணப்பட்டது என்று வினாவில் இருந்தால், "அவ்விலங்கு அக்காட்டில் வாழ்கின்றது, இனம் பெருகி வருகின்றது" என்று விடையில் எழுதிவிடுகின்றனர். காலடி அவ்வளவையும் சொல்வதில்லை. அது என்ன சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, ஐக்கிய அமெரிக்காவின் பிக் பென்ட் தேசிய பூங்காவுக்குக் கருங்கரடிகள் திரும்பிவந்த வரலாறு மிகவும் பொருத்தமான உதாரணமாகும்.

எந்தக் கரடி?

இங்கு பேசப்படுவது அமெரிக்கக் கருங்கரடி. இதன் விஞ்ஞானப் பெயர் ஊர்சஸ் அமெரிக்கானஸ். கனடா, ஐக்கிய அமெரிக்கா, மெக்சிக்கோவின் வடபகுதி ஆகிய இடங்களில் இது வாழ்கின்றது. பெயரில் கருமை இருந்தாலும் கபில நிறமான கருங்கரடிகளும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் வெண்ணிற உரோமமுள்ள சிலவும் உண்டு. ஆகவே நிறத்தைக் கொண்டு மாத்திரம் இனத்தை அடையாளம் காண முற்படக்கூடாது.

இலங்கையின் உலர் வலயக் காடுகளில், வில்பத்து, யால போன்ற இடங்களில் வாழும் நமது கரடியும் கறுப்பு நிறமே. ஆனால் அது வேறு சாதியைச் சேர்ந்த வேறு இனம். அதன் பெயர் மெலூர்சஸ் ஊர்சினஸ். கறையான் புற்றைக் கிளறி உறிஞ்சி உண்பதும், பாலைப்பழக் காலத்தில் மரமேறுவதும், குட்டிகளை முதுகில் சுமப்பதும் அதன் இயல்புகள். அமெரிக்கக் கருங்கரடியோ குளிர்காலத்தில் மாரித்துயில் கொள்வது. விடை எழுதும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்கக் கருங்கரடி ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்ததாயினும் உணவுப் பழக்கத்தில் அனைத்துமுண்ணியாகும். புல், பழம், விதை, எறும்பு, வண்டுப் புழு, தேன், இறந்த விலங்கின் உடல் என அகப்பட்டதை உண்ணும். உணவில் பெரும்பங்கு தாவரங்களே. இந்தக் குறிப்பு பின்னர் தேவைப்படும்.

பூங்காவில் கரடி இல்லாத காலம்

பிக் பென்ட், டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே, மெக்சிக்கோ எல்லையில் அமைந்துள்ளது. எல்லையாக ரியோ கிராண்டே ஆறு பாய்கின்றது. சுற்றிலும் சிகுவாகுவா பாலைவனம். அதன் நடுவே சிசோஸ் என்னும் மலைத்தொகுதி எழுகின்றது. இதன் மிக உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 2,385 மீற்றர். மலையின் கீழே முட்செடியும் மணலுமாக இருக்க, மேலே ஓக், பைன், ஜூனிப்பர் மரங்கள் வளர்ந்துள்ளன. கடல் நடுவே தீவு இருப்பதைப் போலப் பாலைவனத்தின் நடுவே காடு இருப்பதால் இத்தகைய மலைகளை 'வானத் தீவுகள்' என அழைப்பர்.

முன்னொரு காலத்தில் இம்மலைகளில் கருங்கரடிகள் சாதாரணமாக வாழ்ந்தன. பண்ணையாளர்கள் தமது ஆடு மாடுகளைக் காப்பதற்காக அவற்றைச் சுட்டும் பொறி வைத்தும் கொன்றனர். வேட்டைக்காரரும் கொன்றனர். 1944ஆம் ஆண்டு தேசிய பூங்கா தோற்றுவிக்கப்பட்டபோது அங்கே நிலையாக வாழும் கரடி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. காடு பாதுகாக்கப்பட்டது, ஆனால் கரடி இல்லாத காடாகவே அது பாதுகாக்கப்பட்டது. பின்வந்த ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் எப்போதாவது ஒரு கரடி தென்பட்டதாகத் தகவல் வரும். பின்னர் நீண்ட காலத்துக்கு ஒன்றும் இராது.

அடையாளங்கள் எவை?

காட்டில் கரடியை நேரில் காண்பது அரிது. அது மனிதனின் மணத்தை வெகுதூரத்திலேயே உணர்ந்து விலகிவிடும். எனவே கரடி இருப்பதை அறிவது பெரும்பாலும் அது விட்டுச்சென்ற அடையாளங்களைக் கொண்டே.

முதலில் காலடி. கரடி மனிதனைப் போலவே உள்ளங்கால் முழுவதையும் நிலத்தில் பதித்து நடக்கும். அதனால் பின்காலின் அடையாளம் வெறுங்காலுடன் நடந்த ஒரு மனிதனின் காலடியைப் போலத் தோன்றும். நீளம் ஏறத்தாழ 15 முதல் 18 சென்ரிமீற்றர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மனிதக் காலில் பெருவிரல் உட்புறத்தில் இருக்கின்றது. கரடியின் காலில் உட்புற விரலே மிகச் சிறியது. நாயின் காலடியில் நான்கு விரல்களே பதியும், கரடியின் காலடியில் ஐந்து பதியலாம். மண் இறுகியிருந்தால் அந்தச் சிறுவிரல் பதியாமல் போவதும் உண்டு. அப்போது ஐந்துக்குப் பதில் நான்கையே எண்ணி ஏமாறுவோம். நகங்களின் நுனி விரல்களுக்கு முன்னால் சிறு புள்ளிகளாகத் தெரியும்.

அடுத்தது மலம். இது காலடியைவிட அதிகம் பேசும் அடையாளம் என்பேன். கருங்கரடி பெருமளவில் தாவரங்களை உண்டாலும் அதன் குடல் மாட்டின் குடலைப் போல நார்ப்பொருளைச் சமிக்கச் செய்ய வல்லதன்று. ஆகவே உண்டதில் ஒரு பகுதி உருத்தெரியும்படியே வெளியேறும். வசந்த காலத்தில் புல், கோடையில் பழ விதைகளும் எறும்பின் உடற்பகுதிகளும், இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளின் ஓடுகள். பிக் பென்டில் நாகதாளிப் பழ விதைகளும் ஜூனிப்பர் காய்களும் காணப்படும். மலத்தைச் சோதிப்பவர், கரடி என்ன உண்டது என்பதையும் எப்பருவத்தில் உண்டது என்பதையும் அறிகின்றார். விதைகள் பல முளைக்கும் திறனுடன் வெளியேறுவதால் கரடி விதைப் பரம்பலுக்கும் உதவுகின்றது. இதனை வேறு வினாவுக்கான விடையிலும் பயன்படுத்தலாம்.

மரங்களிலும் அடையாளம் இருக்கும். கரடி ஏறிய மரத்தின் பட்டையில் வளைந்த நகக் கீறல்கள் தெரியும். சில மரங்களில் அது பின்காலில் எழுந்து நின்று முதுகைத் தேய்க்கும், கடிக்கும், தன் மணத்தை விட்டுச்செல்லும். இத்தகைய 'தேய்ப்பு மரங்கள்' ஆண்டாண்டாகப் பயன்படுத்தப்படும். பட்டையில் உரோமம் சிக்கியிருக்கும். இவை தவிர, எறும்பைத் தேடிப் புரட்டிய கற்கள், புழுவைத் தேடிப் பிளந்த உக்கிய மரக்குற்றிகள் என்பனவும் உண்டு. பாலைவனப் பகுதியில் சோட்டோல் எனப்படும், கத்தாழையை ஒத்த செடியின் மென்மையான அடிப்பகுதியை உண்பதற்காகக் கரடி அதனைக் கிழித்துப் போட்டிருக்கும்.

ஆய்வாளர் இன்று உரோமத்தையே பெரிதும் நாடுகின்றனர். மணம் வீசும் இரையொன்றை வைத்து, அதனைச் சுற்றி நிலத்திலிருந்து ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் உயரத்தில் முட்கம்பி கட்டுவர். கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ நுழையும் கரடிக்குக் காயம் ஏற்படாது; சில உரோமங்கள் மாத்திரம் சிக்கும். உரோமத்தின் வேரிலுள்ள கலங்களிலிருந்து டி.என்.ஏ. பெறப்படுகின்றது. வந்தது எந்த இனம், ஆணா பெண்ணா, முன்பு வந்த அதே கரடியா, வேறொன்றா என்பன அதிலிருந்து தெரியவரும். பத்து இடங்களில் பத்து உரோமக் கொத்துகள் கிடைத்தாலும் அவை அனைத்தும் ஒரே கரடியினுடையனவாக இருக்கலாம் அல்லவா? காலடிகளை எண்ணிக் கரடிகளின் எண்ணிக்கையைக் கூற முடியாதது இதனாலேயே.

அடையாளம் எதை நிறுவுகின்றது?

கருங்கரடிகளில் ஆணும் பெண்ணும் பரம்பும் விதம் ஒன்றல்ல. ஏறத்தாழ ஒன்றரை வயதில் குட்டி தாயைப் பிரிகின்றது. பெண் குட்டி பெரும்பாலும் தாயின் வாழிடத்துக்கு அருகிலேயே, சில வேளை அதன் ஒரு பகுதியிலேயே, தனக்கென இடம் அமைத்துக்கொள்ளும். ஆண் குட்டியோ வெகுதூரம் செல்லும். அது பல பத்துக் கிலோமீற்றர்கள், சில வேளைகளில் நூறு கிலோமீற்றருக்கும் மேலாக அலைந்து திரியும்.

ஆகவே கரடியற்ற ஒரு காட்டில் திடீரென ஒரு காலடி தோன்றினால், அது பெரும்பாலும் அலைந்து திரியும் இளம் ஆண் ஒன்றினுடையதாகவே இருக்கும். அடுத்த ஆண்டும் ஒரு காலடி தோன்றலாம். அதுவும் இன்னோர் ஆணினுடையதாக இருக்கலாம். இவ்வாறு இருபது ஆண்டுகள் தொடர்ந்தாலும் அக்காட்டில் ஒரு குட்டிகூடப் பிறந்திராது. அங்கே கரடி வந்து போகின்றது என்பது உண்மை. குடித்தொகை ஒன்று உருவாகிவிட்டது என்பது நிறுவப்படாத கூற்று. 1940களுக்கும் 1980களுக்கும் இடையில் பிக் பென்டிலிருந்து வந்த அரிதான தகவல்களையும் இவ்வாறே மதிப்பிட வேண்டும்.

1988ஆம் ஆண்டு சிசோஸ் மலையில் பூங்காவுக்கு வந்த ஒருவர் ஒரு நிழற்படம் எடுத்தார். அதில் ஒரு தாய்க் கரடியும் குட்டிகளும் இருந்தன. முன்பு கிடைத்த தகவல்கள் அனைத்தையும்விட இந்த ஒரு படத்துக்குப் பெறுமதி அதிகம். குட்டிகள் இருந்தால் பெண் ஒன்று இருக்கின்றது. ஆண் ஒன்றும் வந்திருந்தது. குட்டி ஈன்று வளர்ப்பதற்கு வேண்டிய உணவும் குகையும் அங்கே உண்டு. மேலும் அக்குட்டிகளுள் பெண் இருந்தால் அது தாயின் அருகிலேயே தங்கும். கரடிகள் மீளக் குடியேறத் தொடங்கிவிட்டன என்ற முடிவுக்கு அப்போதே வரமுடிந்தது.

குட்டி ஏன் அவ்வளவு முக்கியம்?

கருங்கரடி மெதுவாகப் பெருகும் முலையூட்டி. பெண் முதன்முதலாகக் குட்டி ஈனுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். உணவு குறைந்த இடங்களில் இன்னும் தாமதமாகும். அதன்பின்னும் இரண்டாண்டுக்கு ஒருமுறையே ஈனும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள்.

இனப்பெருக்கமும் உணவோடு இறுகப் பிணைந்துள்ளது. கோடையின் தொடக்கத்தில் கரடிகள் புணர்ச்சியில் ஈடுபடும். கருக்கட்டிய முட்டை சிறிது விருத்தியடைந்தபின் கருப்பைச் சுவரில் பதியாமல் பல மாதங்கள் மிதந்துகொண்டிருக்கும். இது தாமதித்த உட்பதித்தல் எனப்படும். இலையுதிர் காலத்தில் தாய் போதிய கொழுப்பைச் சேமித்திருந்தால் முளையம் நவம்பர் மாதமளவில் பதிந்து வளரும். சேமிப்புப் போதாவிடின் கர்ப்பம் தொடராது. குட்டிகள் ஜனவரி மாதமளவில் குகைக்குள் பிறக்கும். பிறக்கும்போது ஒன்றின் திணிவு அரைக் கிலோகிராமுக்கும் குறைவு.

அந்த மாதங்களில் தாய் உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை, சிறுநீரோ மலமோ கழிப்பதுமில்லை. இதயத் துடிப்பு வெகுவாகக் குறைகின்றது. உடல் வெப்பநிலையோ சில பாகைகளே குறைகின்றது. உடலில் உண்டாகும் யூரியாவின் நைதரசன் மீண்டும் புரதம் ஆக்கப் பயன்படுவதால் தசைகள் பெரிதும் தேய்வதில்லை. இந்நிலையிலேயே அது குட்டிகளுக்குப் பாலும் ஊட்டுகின்றது. பிக் பென்ட் போன்ற தென்பகுதிகளில் மாரித்துயில் காலம் குறுகியது. எனினும் சூல்கொண்ட பெண் அங்கும் குகையை நாடும்.

எங்கிருந்து வந்தன?

ஆற்றுக்கு அப்பால், மெக்சிக்கோவின் கோவாவிலா மாநிலத்தில் சியரா டெல் கார்மென் என்னும் மலைத்தொடர் உண்டு. அங்கே கரடிகள் முற்றாக அழிந்துவிடவில்லை. அங்குள்ள பண்ணை உரிமையாளர் சிலர் கரடிகளைக் கொல்வதைத் தவிர்த்தனர். மெக்சிக்கோ 1980களில் சட்டப் பாதுகாப்பும் வழங்கியது. டெக்சாஸ் மாநிலமும் 1983இல் கரடி வேட்டையை நிறுத்தியது. அம்மலையில் எண்ணிக்கை பெருக, சில கரடிகள் பாலைவனத்தைத் தாண்டி, ஆற்றை நீந்திக் கடந்து சிசோஸை அடைந்தன. எவரும் அவற்றைக் கூட்டில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. இது இயற்கையான மீளக் குடியேறலாகும்.

இதற்கு மாறான உதாரணம் ஆர்கன்சோ மாநிலம். ஒரு காலத்தில் 'கரடி மாநிலம்' என்றே பெயர்பெற்ற அங்கு 1930களில் ஐம்பதுக்கும் குறைவான கரடிகளே எஞ்சியதாக மதிப்பிடப்பட்டது. 1958 முதல் 1968 வரை ஏறத்தாழ 250 கரடிகள் மின்னசோட்டாவிலிருந்தும் கனடாவின் மனிட்டோபாவிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டன. இன்று அங்கே பல ஆயிரம் கரடிகள் உண்டு. அயல் மாநிலங்களுக்கும் அவை பரவியுள்ளன. இது மனிதனால் செய்யப்பட்ட மீள் அறிமுகம். இரு பதங்களையும் பிரித்தறிந்து எழுதுக.

இயற்கையாக வருவதில் ஒரு குறை உண்டு. பெண்கள் தூரம் செல்லாதவை என்பதால் பாலைவனத்தைக் கடந்துவரும் பெண்கள் மிகச் சிலவே. சில தாய்களின் வழிவந்த குடித்தொகையில் பிறப்புரிமைப் பல்வகைமை குறைவாக இருக்கும். மலைக்கும் மலைக்கும் இடையிலான வழி திறந்திருந்தால் புதிய கரடிகள் வந்து சேரும். அவ்வழியை வேலியோ மதிலோ நெடுஞ்சாலையோ மறித்தால் அது நின்றுவிடும்.

2000ஆம் ஆண்டு

குடியேறிய கரடிகள் பெருகிக்கொண்டிருந்த வேளையில், 2000ஆம் ஆண்டு வரட்சியோடு ஓக் கொட்டை முதலிய உணவுகளின் விளைச்சலும் பொய்த்தது. மாரித்துயிலுக்கு முன்னர் கொழுத்திருக்க வேண்டிய கரடிகள் மலையைவிட்டு உணவு தேடி வெளியேறின. கழுத்தில் வானொலிப் பட்டி அணிவிக்கப்பட்டிருந்த கரடிகள் நெடுந்தூரம் சென்றது பதிவாகியது. சில எல்லையைக் கடந்து மெக்சிக்கோவுக்குள் சென்றன. சில மாதங்களில் பூங்காவில் மிகச் சில கரடிகளே எஞ்சின. பின்னர் சில திரும்பின, சில புதிதாக வந்தன, குட்டிகளும் பிறந்தன. எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது.

அந்த ஆண்டில் சிசோஸில் மாத்திரம் நின்று அடையாளங்களைத் தேடியவருக்குக் கரடிகள் மீண்டும் அற்றுப்போய்விட்டன என்றே தோன்றியிருக்கும். மலைகள் இரண்டையும் ஒன்றாக நோக்கியவருக்கு அது இடப்பெயர்ச்சி என்பது தெரியும். சிறு குடித்தொகைகள் பல தமக்குள் வரவு செலவு வைத்திருக்கும்போது ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுசெய்கின்றது.

மனிதரும் கரடியும்

கரடி இல்லாத நாற்பது ஆண்டுகளில் பூங்காவுக்கு வருவோர் உணவைக் கூடாரத்தில் திறந்து வைத்துப் பழகியிருந்தனர். கரடியின் மோப்பம் மிகக் கூரியது. ஒருமுறை மனித உணவைச் சுவைத்த கரடி மீண்டும் வரும். மனிதருக்கு அஞ்சுவதை விடும். ஈற்றில் அது ஆபத்தானதாகக் கருதப்பட்டுப் பிடித்து அகற்றப்படும், சில வேளை கொல்லப்படும். பல்லாண்டு கழித்துத் திரும்பிய சில பெண் கரடிகளுள் ஒன்றை இவ்வாறு இழப்பது எவ்வளவு பெரிய இழப்பென்பதை மேலே கூறிய இனப்பெருக்க விபரங்களைக் கொண்டு நீங்களே கணித்துக்கொள்ளலாம். எனவே பூங்காவின் முகாமிடங்களில் கரடியால் திறக்க முடியாத உலோக உணவுப் பெட்டிகளும் குப்பைத் தொட்டிகளும் வைக்கப்பட்டன. உணவை அவற்றுள் வைப்பது கட்டாயம்.

இப்போது மேற்கு டெக்சாஸின் வேறு பகுதிகளிலும் கரடிகள் காணப்படுகின்றன. அங்கே கிராமங்களும் பண்ணைகளும் உண்டு; தேசிய பூங்காவின் விதிகள் அங்கு செல்லா. டெக்சாஸில் கருங்கரடி அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது. உலகளவில் நோக்கின் இவ்வினம் அழியும் ஆபத்தில் இல்லை. ஓர் இனம் உலகில் ஏராளமாக இருந்தும் ஓரிடத்தில் அற்றுப்போகலாம் என்பதற்கு இது உதாரணம்.

மாதிரி வினாவும் விடையும்

(கற்பனைக் காடொன்று.) காடு 'க' வில் 50 ஆண்டுகளாகக் கரடி இல்லை. முதலாம் ஆண்டில் ஒரு காலடியும், இரண்டாம் ஆண்டில் நான்கு இடங்களில் உரோமமும் பெறப்பட்டன. உரோமம் அனைத்தும் ஒரே ஆண் கரடியுடையது என டி.என்.ஏ. சோதனை காட்டியது. ஐந்தாம் ஆண்டில் தன்னியக்கக் கமரா ஒன்றில் இரு குட்டிகளுடன் ஒரு கரடி பதிவாகியது. இரண்டாம் ஆண்டின் இறுதியிலும் ஐந்தாம் ஆண்டின் இறுதியிலும் பெறக்கூடிய முடிவுகளைத் தனித்தனியே தருக.

விடை: இரண்டாம் ஆண்டின் இறுதியில், காட்டினுள் குறைந்தது ஓர் ஆண் கரடி வந்துள்ளது என்று மாத்திரமே கூறலாம். முதலாம் ஆண்டின் காலடி அதே கரடியினுடையதா என்பது தெரியாது. உரோமம் நான்கு இடங்களில் கிடைத்தமை நான்கு கரடிகள் உண்டு எனக் காட்டாது. இனப்பெருக்கம் நடைபெறுகின்றது எனக் கூறுவதற்குச் சான்று இல்லை. ஐந்தாம் ஆண்டின் இறுதியில், பெண் கரடி ஒன்று இருப்பதும் இனப்பெருக்கம் நிகழ்ந்திருப்பதும் உறுதி. குட்டிகளின் தந்தை முன்பு பதிவான ஆணே என்று கூறமுடியாது. அதற்குக் குட்டிகளின் டி.என்.ஏ. தேவை. குடித்தொகை நிலைத்துவிட்டது என்று எழுதினால் அதுவும் பிழையாகும்.

பயிற்சி

1. வேட்டை முற்றாக நிறுத்தப்பட்டபின்னரும் கருங்கரடிக் குடித்தொகை மெதுவாகவே அதிகரிப்பதற்குக் காரணங்கள் மூன்று தருக.

2. ஓக் கொட்டை விளைச்சல் பொய்த்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை எவ்வாறு அமையும்? தாமதித்த உட்பதித்தலைக் கொண்டு விளக்குக.

3. மீள் அறிமுகத்துக்கு ஆண் கரடிகளைவிடப் பெண் கரடிகளைத் தெரிவுசெய்வது ஏன் முக்கியம்?

4. உமது பிரதேசத்தில் முன்பு இருந்து இப்போது காணப்படாத விலங்கொன்றைப் பெயரிட்டு, அது திரும்பியுள்ளது என்பதற்கு நீர் ஏற்றுக்கொள்ளும் சான்று யாது எனக் காரணத்துடன் எழுதுக.